சிதறிய அவையைக் கூட்டுதல்: மேடை நாடகமும் சமூக ஊடகமும்



மலாயாவில் ரப்பரை வணிக முறையில் பயிரிடும் தொழில் 1896ஆம் ஆண்டில் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கியது. பின்னர்ப் பெருகிய தோட்டங்களின் லயங்களில் குடியேறிய தமிழர், கூத்தையும் நாடகத்தையும் உடன் கொணர்ந்தனர். கோயில் திடலில் நாடகம் என்றால் விளம்பரம் பெரிதும் தேவைப்படவில்லை. காண்போர் கூப்பிடு தொலைவிலேயே வாழ்ந்தனர்.

இன்று அம்மக்களின் வழிவந்தோர் ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜிட் தானா, மலாக்கா நகரம் எனப் பிரிந்து வாழ்கின்றனர். சிதறிய அவையைக் கூட்டச் சமூக ஊடகம் துணைசெய்யும். அதற்கு மூன்று வழிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, அறிவிப்பைக் குரலாக அனுப்புதல். சுவரொட்டிப் படம், எழுத்தறியா முதியோருக்கும் தமிழ் படிக்க வாய்ப்பின்றித் தேசியப் பள்ளியில் பயின்ற இளையோருக்கும் எட்டுவதில்லை. ஒரு நிமிடக் குரற்பதிவு இருவருக்கும் விளங்கும். அன்று தமிழகத்து நாடகக் குழுவினர் துண்டறிக்கை வழங்கியபோதும் வண்டியில் மேளம் முழங்கியே வீதிவலம் வந்தனர்.

இரண்டாவது, அறிந்தவர் வழியே அழைத்தல். முகநூல் அறிவிப்பு பலர் கண்ணிற் படும். ஆயினும், கோயிற்குழு, பெற்றோர், பழைய தோட்டத்து உறவினர் ஆகியோரின் புலனக் குழுக்களில் நடிகர் ஒவ்வொருவரும் தம் பெயரால் அழைப்பதே வருகையாக மாறும். “எத்தனை பேர் வருகிறீர்கள்?” என்று கேட்டு எண்ணிக்கை பெறுதல் வேண்டும். விருப்பக் குறிகள் இருக்கைகளை நிரப்பா.

மூன்றாவது, காலமறிந்து அறிவித்தல். புலனத்தின் நிலைத்தகவல் 24 மணி நேரத்தில் மறையும். ஒருமுறை இட்டு அமைதல் ஆகாது. ஒரு மாதம் முன்னர் ஒத்திகைக் காட்சி. ஒரு வாரம் முன்னர் இடம், நேரம், கட்டணம், வாகனமில்லா முதியோரை அழைத்துவரும் ஏற்பாடு. நாடக நாளன்று காலையில் நினைவூட்டல். கதையின் முடிவை ஒத்திகைக் காட்சியில் வெளியிடலாகாது. மாணவர் படங்களைப் பெற்றோர் இசைவின்றிப் பகிர்தலும் ஆகாது.

வெற்று நாற்காலிகளுக்கு முன் தமிழ் பேசிய மாணவன் மறுமுறை மேடையேறத் தயங்குவான். தன் மொழியைக் கேட்க ஆளில்லை என்றே எண்ணுவான். ஆகவே ஆசிரியப் பெருமக்களே, அடுத்த பள்ளி நாடகத்தின் குரல் அழைப்பை மாணவரே எழுதிப் பேசட்டும். அது பேச்சுத் தமிழுக்குப் பயிற்சியாகும். நாடகத்திற்கு அவையும் சேரும்.