பனி பார்க்காத பட்டாளத்துக்காரர்கள்



கொல்கத்தாவில் ஜனவரிக் குளிர் எப்படி என்று இங்கே இருக்கும் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கினாலே மைதானத்தில் காலை நடை போகிறவர்கள் மங்கி கேப்பும் மப்ளருமாக வருவார்கள். அந்த மைதானத்தை ஒட்டி இருக்கிறது வில்லியம் கோட்டை. இப்போது அதற்கு விஜய் துர்க் என்று பெயர். ராணுவத்தின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகம் அதுதான். சிக்கிமிலும் அருணாசலத்திலும் பனிக்கு நடுவே காவல் நிற்கும் படைகளுக்கு உத்தரவு போவது, ஒருநாளும் பனி விழாத இந்த ஊரிலிருந்து.

அந்தப் பனியில் நிற்பவர்களில் தஞ்சாவூர்க்காரர் இருப்பார், மேதினிபூர்க்காரர் இருப்பார். பட்டாளத்தில் சேரும்வரை பனியைக் கண்ணால் கண்டிராதவர்கள். இப்படிப்பட்டவர்களுக்கும் காலில் பனிச்சறுக்குப் பலகையை மாட்டிப் பழக்குகிறது நம் ராணுவம். அவர்களில் தேறியவர்களைப் போட்டிக்கும் அனுப்புகிறது.

இந்தப் பழக்கம் காஷ்மீருக்காகப் பாகிஸ்தானுடன் நடந்த முதல் போரிலிருந்து வந்தது. 1948 நவம்பர் 1ஆம் தேதி, டாங்குகளை மலையேற்றி சோஜி லா கணவாயை நம் படை மீட்டது. அந்தப் படைப்பிரிவின் தளபதி திம்மையா. குளிருக்கேற்ற உடுப்புகூடச் சரியாக இல்லாமல் தன் ஆட்கள் பட்ட பாட்டை அவர் நேரில் பார்த்தவர். அடுத்த மாதமே காஷ்மீரின் குல்மார்க்கில் ஒரு ஸ்கீ பள்ளியைத் தொடங்கிவிட்டார். இன்று அது உயர்மலைப் போர்ப் பள்ளி. காலாட்படைப் பிரிவுகள் பலவற்றிலிருந்தும் குளிர்காலப் பயிற்சிக்கு அங்கே ஆள் வருகிறார்கள்.

ஹௌராவில் ஹிம்கிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் ஜம்மு போய்ச் சேர ஒன்றரை நாள். பிறகு மலைப்பாதை, ஸ்ரீநகர், தங்மர்க். அங்கிருந்து சக்கரங்களுக்குச் சங்கிலி சுற்றிக்கொண்டு மேலே பதின்மூன்று கிலோமீட்டர் ஏறினால் குல்மார்க்.

புதியவருக்கு அங்கே முதல் பாடம் விழுந்து எழுவது. எழுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. விழுந்தவர் தன் உடம்பைச் சரிவின் மேல்பக்கமும் கால்களைக் கீழ்ப்பக்கமும் கொண்டுவர வேண்டும். இரண்டு பலகைகளையும் சரிவுக்குக் குறுக்கே, ஒன்றுக்கொன்று இணையாக வைக்க வேண்டும். இடுப்பைப் பலகைக்கு மேலே நகர்த்தி, கோலை ஊன்றி எழ வேண்டும். பலகையின் மூக்கு கொஞ்சம் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தாலும் போச்சு, எழுந்த நொடியே வழுக்கிக்கொண்டு போகும். துப்பாக்கியும் மூட்டையும் முதுகில் இருக்கும்போது இதைச் செய்து பழக வேண்டும். நிற்பதும் திரும்புவதும் அதற்கப்புறம்தான்.

படைவீரர்களின் ஸ்கீ போட்டி உலகத்துக்குப் புதிதல்ல. 1924இல் ஷாமனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்ஸிலேயே ராணுவ ரோந்துப் போட்டி இருந்தது. நால்வர் அணி ஒன்றாக ஓட வேண்டும், வழியில் குறிபார்த்துச் சுடவும் வேண்டும். வந்தவை ஆறு அணிகள், அவற்றில் இரண்டு பாதியிலேயே விலகின. ஸ்விட்சர்லாந்து வென்றது.

நம் ராணுவ வீரர்களும் ஒலிம்பிக்ஸ் வரை போயிருக்கிறார்கள். 2014இல் சோச்சியில், ஜம்முவின் ரஜௌரியைச் சேர்ந்த நதீம் இக்பால் 15 கிலோமீட்டர் பனி ஓட்டத்தில் ஓடினார். இந்திய ஒலிம்பிக் சங்கத்தின்மீது இருந்த தடை நீங்கி அப்போது மூன்றே நாள் ஆகியிருந்தது. அவர் பெற்றது 85ஆம் இடம். அவருக்குப் பின்னால் நேபாளத்தின் தச்சிரி ஷெர்பா, கடைசியாக விலா எலும்பு முறிந்த நிலையில் பெரு நாட்டின் ராபர்ட்டோ கார்சலன். தங்கம் வென்ற டாரியோ கொலோன்யா, தான் முடித்து ஏறக்குறைய அரைமணி நேரம் ஆன பிறகும் எல்லைக்கோட்டில் காத்திருந்து, கார்சலனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த வேலை எவ்வளவு கடினம் என்று அவருக்குத் தெரியும்.

2018இல் பியாங்சாங்கில் நம் ராணுவத்தின் ஜகதீஷ் சிங் 43 நிமிடத்தில் ஓடி 103ஆம் இடம் பெற்றார். வென்றவர் அதே கொலோன்யா, 33 நிமிடம் 43 நொடியில். இந்த ஒன்பது நிமிடச் சொச்ச இடைவெளியைச் சோம்பலென்றோ திறமைக் குறைவென்றோ யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. தாமிரபரணிக் கரைப் பிள்ளைக்கு நீச்சல் எப்படியோ, நார்வேப் பிள்ளைக்கு ஸ்கீ அப்படி. நடக்கப் பழகிய கையோடு அதையும் பழகுகிறது. நம்மவர்களில் பலர் மீசை முளைத்த பிறகு, பட்டாளத்தில்தான் பலகையைத் தொடுகிறார்கள். பயிற்சிக்குக் கிடைப்பதோ சில மாதப் பனி. அதுவும் இப்போது நம்பும்படி இல்லை. 2025இல் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா போட்டி, போதிய பனி இல்லாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. பதக்கப் பட்டியலில் ராணுவ அணிதான் முதலிடம், 7 தங்கம்.

பதக்கத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2010 பிப்ரவரி 8ஆம் தேதி, குல்மார்க்குக்கு மேலே கிலன்மர்க் சரிவில் பயிற்சியில் இருந்த வீரர்கள்மீது பனிச்சரிவு விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த காவல்முகாம் ஒன்று பனிக்குள் புதைந்து பத்துப் பேரை இழந்தோம். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். பனியில் நடக்கவும் அதன் குணத்தைக் கணிக்கவும் கற்பது இவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. போட்டி அந்தப் படிப்பின் ஒரு பகுதி. பந்தயத்துக்காகப் பழகும் கால்தான் ரோந்திலும் தடுமாறாமல் போகிறது.

ஆனால் ஒரு நாட்டின் விளையாட்டை இந்த அளவுக்கு ராணுவத்தின் தோளில் ஏற்றி வைப்பது நியாயமில்லை. லடாக்கிலும் ஹிமாசலத்திலும் உத்தராகண்டிலும் பனியோடு பிறக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில், வடக்கு சிக்கிமின் லாச்சுங்கிலும் இருக்கிறார்கள். கிழக்கே இன்னும் குல்மார்க்கைப் போலவோ உத்தராகண்டின் ஔலியைப் போலவோ பேர்சொல்லும் ஸ்கீ களம் உருவாகவில்லை. குல்மார்க்கில் படித்த ஹவில்தார்கள் கிழக்கு எல்லைக்கும் மாற்றலாகி வரத்தான் செய்கிறார்கள். சிக்கிம் அரசும் ராணுவமும் பேசி, ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருபது ஜோடிப் பலகையும், ஒரு பனிப் பருவத்துக்கு ஒரு ஹவில்தாரும் கொடுத்தால் போதும், தொடங்கிவிடலாம். ஏழு வயதில் தொடங்குகிற பிள்ளைக்கு, இருபத்தைந்து வயதில் ஒலிம்பிக்ஸ் போகும்போது பதினெட்டு வருடப் பழக்கம் இருக்கும்.