கொல்லைப்புறத்தில் பிறந்த சந்தை



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை ஒரு பள்ளி ஆசிரியையின் நினைவாக அவர் பிள்ளைகள் நிறுவியது. ஆகவே இன்னொரு பள்ளி ஆசிரியையைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என்று எண்ணினேன். அவர் பெயர் ஃபிலிஸ் பேட்டர்சன். அமெரிக்காவில் இன்று பல மாநிலங்களில் ஆண்டுதோறும் கூடும் ‘மறுமலர்ச்சிக் காலச் சந்தை’ அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

1960களின் தொடக்கத்தில் அவர் லாஸ் ஏஞ்சலீஸில், லாரல் கேன்யன் மலைச்சரிவில் குடியிருந்தார். வீட்டுக் கொல்லைப்புறத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி நாடகம் சொல்லிக்கொடுப்பார். நாடக வரலாற்றை ஒப்பிக்க வைக்கவில்லை, நடிக்க வைத்தார். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனது 16ஆம் நூற்றாண்டு இத்தாலியின் கொமேடியா டெல் ஆர்த்தே. அதில் முகமூடி உண்டு, எழுதிவைத்த வசனம் கிடையாது. கஞ்சக் கிழவனும் தந்திரக்கார வேலையாளும் வாய்ச்சவடால் வீரனும் கூட்டத்தின் முகம் பார்த்து அப்போதைக்கப்போது பேசிக்கொள்வார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

அதே ஊரில் கேபிஎஃப்கே என்றொரு வானொலி 1959 முதல் இயங்கிவந்தது. விளம்பரம் வாங்காது, நேயர்கள் தரும் பணத்தில் நடக்கும். கம்யூனிஸ்ட் என்ற சந்தேகமே ஒருவர் பிழைப்பைக் கெடுக்கப் போதுமாயிருந்த காலம் அது. கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறி வேலை இழந்த ஹாலிவுட் கலைஞர்கள் பலர். 1963 ஜனவரியில் அந்த வானொலியை நடத்திய பசிபிகா அமைப்பினரையும் செனட் துணைக்குழு விசாரணைக்கு அழைத்தது. நான்கு மாதம் கழித்து, மே 11, 12 ஆகிய நாட்களில், வடக்கு ஹாலிவுட்டின் ஒரு பண்ணையில், வானொலிக்கு நிதி திரட்டுவதற்காக ஃபிலிசும் கணவர் ரானும் ஒரு சந்தையைக் கூட்டினார்கள். கொல்லைப்புற வகுப்பின் நீட்சியாக, முதலாம் எலிசபெத் அரசி காலத்து ஆங்கிலேய வசந்தச் சந்தையின் சாயலில் அமைத்த சந்தை. சுமார் 8,000 பேர் வந்தார்கள்.

ஏன் வந்தார்கள்? வேடிக்கை பார்க்க என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதவில்லை. என்ன நினைக்கிறாய், யாரோடு பழகுகிறாய் என்று துருவிக் கேட்ட காலத்தில், நானூறு ஆண்டு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு முச்சந்தியில் நின்று உரக்கப் பேச ஓர் இடம் கிடைத்தது. இது என் ஊகம் மட்டுமல்ல. அடுத்த ஆண்டுச் சந்தையில் ஆர்ட் குன்கின் என்பவர் எட்டுப் பக்க இதழ் ஒன்றை 25 சென்ட்டுக்கு விற்றார். முகப்பில் ‘ஃபேர் ஃப்ரீ பிரஸ்’ என்று சந்தைக்கேற்ற பெயர். உள்ளே புரட்டினால் ‘லாஸ் ஏஞ்சலீஸ் ஃப்ரீ பிரஸ்’. 1960களின் மாற்று இதழியலுக்கு முன்னோடியான பத்திரிகை இப்படி வேடம் போட்டுக்கொண்டுதான் வெளியே வந்தது.

பிறகு சந்தை பரவியது. 1971இல் மின்னசோட்டா, 1974இல் டெக்சஸ். இரண்டையும் தொடங்கியவர் ஜார்ஜ் கூலம். மந்திரக்காட்சிக் கலைஞர்கள் பென், டெல்லர் இருவரும் 1975இல் மின்னசோட்டா சந்தையில்தான் ஒரே நிகழ்ச்சியில் முதன்முதலாகச் சேர்ந்து தோன்றினார்கள். திறந்தவெளியில் ஆட்டம் பிடிக்காவிட்டால் கூட்டம் நகர்ந்துவிடும். கலைஞனுக்கு அதைவிடக் கண்டிப்பான பள்ளிக்கூடம் ஏது?

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சந்தையில் எலிசபெத் காலம் எப்போதும் சிரித்த முகமாகவே இருக்கிறது. கொள்ளைநோய் இல்லை, பிச்சையெடுத்தால் விழுந்த சவுக்கடி இல்லை. 1562இல் ஜான் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கிலேயக் கடலோடி ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச்செல்லக் கப்பலெடுத்ததும் அந்த அரசியின் ஆட்சியில்தான். கொல்லைப்புற வகுப்பில் பிறந்த ஒன்று இதையும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஆனாலும் அங்கே பிழைத்துக்கொண்ட ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் சாமான் வீடு நிறைந்துவந்த காலத்தில், கையால் செய்த பொருளுக்கு அந்தச் சந்தை இடம் தேடிக்கொடுத்தது. குயவர், தோல்வேலைக்காரர், கண்ணாடி ஊதுபவர் என்று ஒரு தலைமுறையே அதை நம்பித் தொழில் கற்றது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை வெயிலில் லாஸ் ஏஞ்சலீஸுக்கு அருகே இர்விண்டேலில் கூடும் இந்தச் சந்தைக்கு நான் போயிருந்தேன். வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே ஒரு கொல்லர் ஆணி செய்துகொண்டிருந்தார். துருத்தி ஊதினார். கம்பி சிவந்தது. ஒரு சிறுமி, “இப்போது அடிக்கலாமா?” என்றாள். “சிவப்பில் அடித்தால் சொன்னபடி கேட்காது, மஞ்சள் வரட்டும்” என்றார். மஞ்சள் வந்ததும் பட்டறைக்கல்லில் வைத்து நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி அடித்துக் கூராக்கினார். அளவுக்கு வெட்டி, ஓட்டையிட்ட இரும்புப் பட்டையில் இறக்கி, மேலே நான்கு அடி. தலை பரந்து ஆணியாயிற்று. தண்ணீரில் போட்டதும் ‘சுர்’ என்றது. ஆறியபின் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அம்மா கூப்பிட்டாள். அவள் போகவில்லை. அடுத்த கம்பி மஞ்சளாவதற்காக நின்றுகொண்டிருந்தாள்.