‘ஃபன்னி டம்மி’க்குச் சிரிக்கக் கூடாது

பிரிட்டனுக்கு வேலைக்குப் போகும் செவிலியர்கள் பலர் எழுதுகிற ஓ.இ.டி. தேர்வில் பேச்சுப் பகுதி ஒன்று உண்டு. எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். தேர்வு எழுதுபவர் அவரை விசாரிக்க வேண்டும். அதற்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆசிரியர் நோயாளியாகி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தனக்கு ‘ஃபன்னி டம்மி’ என்று முனகினார். எதிரே இருந்த செவிலி சிரித்துவிட்டார். பல வருடம் வார்டில் வேலை பார்த்தவர்தான். ஃபன்னி என்றால் வேடிக்கை, டம்மி என்றால் போலி, சிரிப்பு வராதா?

இந்த ‘டம்மி’ அந்த டம்மி இல்லை. ஸ்டமக்கைக் குழந்தைகள் கொஞ்சிக் கூப்பிட்ட பெயர். பெரியவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. ‘ஃபன்னி’யும் இங்கே வேடிக்கை இல்லை. ‘வயிறு ஒரு மாதிரியா இருக்கு’ என்கிறோமே, அந்த ‘ஒரு மாதிரி’.

சுதாரித்துக்கொண்ட செவிலி, ‘யுவர் ஸ்டமக் இஸ் பெய்னிங்?’ என்று கேட்டார். நம் ஊரில் இது நன்றாகவே செல்லுபடியாகும். அங்கே ‘மை ஸ்டமக் ஹர்ட்ஸ்’ என்பார்கள், அல்லது ‘ஐ ஹாவ் எ ஸ்டமக் ஏக்’. மாத்திரையை வெறும் வயிற்றில் போடச் சொல்ல, ‘ஆன் ஆன் எம்ப்டி ஸ்டமக்’. நாம் வயிற்றுக்குள் போடுகிறோம், அவர்கள் வயிற்றின் மேல் வைக்கிறார்கள்! குப்புறப் படுப்பதற்கும் அதே ‘ஆன்’தான்: ‘லையிங் ஆன் யுவர் ஸ்டமக்’. தமிழில் குப்புறப் படுக்க வயிறே தேவையில்லை.

நோயை விட்டு மனசுக்கு வந்தால்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. கிரேக்கத்தில் ‘ஸ்டோமா’ என்றால் வாய். அதிலிருந்து வந்த சொல் முதலில் தொண்டையையும் உணவுக்குழாயையும் குறித்து, பிறகு இரைப்பைக்கு இறங்கியது. ரோமானியர்களுக்கு ‘ஸ்டோமாகஸ்’ கோபத்தையும் குறித்தது. பழைய ஆங்கிலேயர்களுக்கோ அது வீரம். 1588-இல் ஸ்பெயின் கப்பற்படை வந்தபோது, டில்பரியில் படைவீரர்கள் முன் பேசிய முதலாம் எலிசபெத், தனக்கு ஒரு மன்னனின் ஸ்டமக் இருப்பதாகச் சொன்னாராம். ‘ராஜாவின் வயிறு’ என்று மொழிபெயர்த்தால் நமக்குத் தொப்பைதான் நினைவுக்கு வரும். அந்த வீரத்தின் மிச்சம் இன்றும் உண்டு: சண்டைக்குத் துணிவில்லாதவரை ‘நோ ஸ்டமக் ஃபார் எ ஃபைட்’ என்கிறார்கள்.

நம் வயிறு வேறு வகை. கவலையும் பொறாமையும் குடியிருக்கிற இடம். நடுராத்திரியில் போன் அடித்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இதை ‘பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு, அது சரிப்படாது. வண்ணத்துப்பூச்சி பறப்பது மேடை ஏறுமுன், நேர்காணலுக்கு முன் வரும் படபடப்பு. அட்ரினலின் சுரந்ததும் குடல் பக்கம் போகிற ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புகிறது. அந்தக் குறுகுறுப்புதான் சிறகடிப்பு. நம் புளிக்கு நெருங்கிய உறவு ‘மை ஸ்டமக் சர்ன்ட்’. ‘சர்ன்’ என்றால் வெண்ணெய் கடைவது. பாருங்கள் நேயர்களே, பயம் வந்தால் நாம் புளி கரைக்கிறோம், அவர்கள் வெண்ணெய் கடைகிறார்கள். இரண்டுமே அடுப்படி வேலை!

வயிற்றெரிச்சலை ‘ஸ்டமக் பர்னிங்’ என்று சொல்லிவிட வேண்டாம். பொறாமைக்கு அமிலத்தை அடக்கும் மருந்து கிடைக்கும். அமிலம் மேலேறி வரும் எரிச்சலுக்கு அங்கே ‘ஹார்ட்பர்ன்’ என்று பெயர், இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும். இன்னொன்று: ‘அவன் செய்ததை ஜீரணிக்க முடியவில்லை’ என்பதற்கு நம்மவர்கள் ‘ஐ காண்ட் டைஜஸ்ட் இட்’ என்பார்கள். ஆங்கிலேயர் காதில் அது, விஷயம் இன்னும் மண்டையில் ஏறவில்லை என்றுதான் விழும். சகிக்க முடியாததற்கு ‘ஐ காண்ட் ஸ்டமக் இட்’. ஸ்டமக்கே அங்கே வினைச்சொல்லாகிவிடுகிறது.

பெற்ற வயிறு, வயிற்றுப் பிழைப்பு, வயிற்றில் பால் வார்த்தது... இதற்கெல்லாம் ஸ்டமக் உதவாது. நேரமும் இடம் கொடுக்கவில்லை.

அந்தச் செவிலிக்கு அடுத்த மாதம் தேர்வு. போன வார வகுப்பில் மறுபடி ‘ஃபன்னி டம்மி’ வந்தபோது சிரிக்காமல், ‘சின்ஸ் வென்?’ என்று கேட்டாராம். தேர்வறைக்குள் போகும்போது அவர் வயிற்றில் வண்ணத்துப்பூச்சி பறக்கட்டும். புளி கரையாமல் இருந்தால் போதும்.