சலரோகமும் மனச்சோர்வும்: ஒரு நரம்பின் வழி



சலரோகம் உள்ளவர்களிடையே மனச்சோர்வு ஏனையோரைவிட ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்படுகிறது என்பது மருத்துவ உலகம் நெடுநாளாக அறிந்த செய்தி. ஆயினும் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனியைக் குறித்துக்கொள்ளும் வழக்கம் நிலைபெற்ற அளவுக்கு, இரவில் நித்திரை வருகிறதா, சாப்பாட்டில் மனம் செல்கிறதா என்று வினவும் வழக்கம் நிலைபெறவில்லை.

இவ்விரு நோய்களும் சந்திக்கும் இடங்களுள் ஒன்று வேகஸ் நரம்பு. மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியே இருதயம், இரைப்பை, ஈரல், சதையி வரை இறங்கும் இந்தப் பத்தாம் மண்டையோட்டு நரம்பின் நார்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு உடலின் செய்தியை மூளைக்கு ஏற்றுவன. எஞ்சியவையே கட்டளையைக் கீழே கொண்டுவருவன.

இந்நரம்பைத் தூண்டும் சிகிச்சையில், இடது மார்புத் தோலுக்கடியில் பொருத்தப்படும் சிறு கருவியிலிருந்து ஒரு கம்பி கழுத்திலுள்ள நரம்பைச் சென்று சுற்ற, கருவி வழக்கமாக 30 செக்கன் மெல்லிய மின்துடிப்புகளை அனுப்பி 5 நிமிடம் ஓய்கிறது. ஐக்கிய அமெரிக்கா இதை 1997இல் வலிப்புக்கும், 2005இல், நான்கு சிகிச்சைகளுக்கேனும் இணங்காத மனச்சோர்வுக்கும் அனுமதித்தது. குரல் கம்முவதுண்டு, பலன் தெரியப் பல மாதங்கள் செல்லும், செலவைச் சொல்லவே வேண்டியதில்லை. காதின் உட்குழிவில் இந்நரம்பின் கிளையொன்று தோலை அடைவதால், வெட்டாமல் அங்கேயே தூண்டும் முறையும் வந்தது. சீன ஆய்வாளர்கள், பரம்பரையாகவே பருமனும் சலரோகமும் உறும் எலிகளில் இதனால் இரத்தச் சீனியும் சோர்வுற்ற நடத்தையும் தணியக் கண்டனர். எலியில் கண்டது மனிதரில் நிறுவப்பட்டதாகாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. கட்டுக்கடங்காத சலரோகம் நாட்பட வேகஸ் நரம்பையே பழுதாக்குகிறது. சும்மா இருக்கையிலும் நாடி விரைவாக அடிப்பதும், உண்டது இரைப்பையிலேயே தங்குவதும் அதன் அறிகுறிகள். தூண்ட வேண்டிய நரம்பையே நோய் முந்திக்கொண்டு அரித்துவிட்டால், கருவி எவ்வளவுதான் செய்யும்?

யாழ்ப்பாண வடகரை மீனவ ஊரான மயிலிட்டிக்கு இவ்விரு நோய்களின் சேர்க்கை ஆய்வுகூடச் செய்தி மட்டுமன்று. 1990 ஜூனில் போரால் இடம்பெயர்ந்து, 2017 ஜூலையில் துறைமுகப் பகுதி விடுவிக்கப்படும்வரை, பலருக்குக் கோணப்புலம் போன்ற முகாம்களில் கழிந்த 27 ஆண்டுகளில், வலை இழுத்த கைகள் ஓய்ந்திருக்க, நிவாரண அட்டைக்குக் கிடைத்த அரிசியும் மாவும் சீனியும் உணவாயின. அசைவு குறைந்ததும் துயரம் ஆறாததும் ஒரே உடலில் சேர்ந்துவிட்டபின், எது எதனால் வந்தது என்று பிரித்தறிவது எளிதன்று. போரின் வடு தனியாளோடு நில்லாது சமூகத்திலும் பதிவதை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியுள்ளார்.

இரு நோய்களும் சேர்ந்தவருக்கு மருந்துத் தெரிவிலும் கவனம் வேண்டும்: அமிற்றிப்டிலின் போன்ற சில மருந்துகள் மனச்சோர்வைத் தணிக்கும்போதே உடல் நிறையையும் கூட்டுவன. ஆதலால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்பவர் தமது சலரோகக் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுசென்றால், எந்த மருந்தைத் தெரிவது என்பது வைத்தியருக்கு அங்கேயே தெளிவாகும்.