விண்கலத்தில் நமக்கும் ஓர் இருக்கை



1986ஆம் ஆண்டு 'ஸ்டார் டிரெக்' வரிசையின் நான்காவது திரைப்படம் வெளிவந்தது. அதில் எங்கிருந்தோ வந்த மர்மமான ஆய்வுக்கலம் ஒன்று, எதிர்ப்பட்ட கப்பல்களின் சக்தியையெல்லாம் முடக்கிவிட்டுப் பூமியை நோக்கிப் போகிறது. அப்படி இருளில் சிக்கிய ஒரு விண்கலத்தின் தலைவர் திரையில் தோன்றித் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்புகிறார். சூரிய ஒளியைப் பிடிக்கும் பாய் ஒன்றை விரிக்க முயல்கிறோம், அதில் மின்சாரம் கிடைத்தால் பிழைத்துக்கொள்வோம் என்கிறார். கண் இமைத்தால் தவறிப்போகும் அளவுக்குச் சிறிய காட்சி. அந்தத் தலைவராக நடித்தவர் விஜய் அமிர்தராஜ். சென்னையில் பிறந்தவர், 1973லும் 1981லும் விம்பிள்டன் காலிறுதி வரை முன்னேறிய அதே டென்னிஸ் வீரர்.

நான் ஸ்டார் டிரெக் ரசிகை. மலேசியாவின் ஜொகூர் பாருவில் வளர்ந்து, இன்றும் இங்கேயே வாழ்கிறவள். ஒரு கதையை நெடுங்காலம் நேசிப்பவர்கள் அதில் தங்களுக்கும் ஓர் இடம் தேடுவார்கள். அப்படித் தேடுவது அவர்களுடைய உரிமை. அந்தத் தேடல் கதையை மாற்றும். சில வேளைகளில் கதைக்கு வெளியே இருக்கிற உலகத்தையும் மாற்றும். இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது இதைத்தான்.

தொடரை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966 செப்டம்பர் 8ஆம் தேதி அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது ஸ்டார் டிரெக். உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. 'எண்டர்பிரைஸ்' என்ற விண்கலம் நட்சத்திரங்களுக்கு இடையே பயணம் செய்து, புதிய உலகங்களைத் தேடிப்போகிறது. கேப்டன் கிர்க் அதன் தலைவர். கூர்மையான காதுகளும் அசையாத முகமுமாக இருக்கும் ஸ்பாக் அவருக்குத் துணை. மூன்று பருவங்கள், 79 அத்தியாயங்கள், 1969இல் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு திரைப்படங்களாகவும் அடுத்தடுத்த தலைமுறைத் தொடர்களாகவும் கிளைத்து, அறுபது ஆண்டுகளை எட்டி நிற்கிறது.

எங்கள் ஊருக்கு அது வந்த வழி தனி. எங்கள் ஊரையும் சிங்கப்பூரையும் பிரிக்கும் ஜொகூர் நீரிணையின் அகலம் பாலம் இருக்கும் இடத்தில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ஆட்களுக்குத்தான் கடப்பிதழும் குடிநுழைவுச் சோதனையும். தொலைக்காட்சி அலைகளுக்கு எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் தாமான் குடியிருப்புகளின் கூரைகளைப் பார்த்தால், நீண்ட கம்பங்களில் கட்டிய ஏரியல்கள் எல்லாம் தெற்கே சிங்கப்பூரைப் பார்த்து நிற்கும். படம் கலங்கினால் அண்ணன் வெளியே ஓடிக் கம்பத்தைத் திருப்புவார். நான் சன்னலில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்!" என்று கத்துவேன். எண்டர்பிரைஸ் எங்கள் வீட்டுக்குள் வந்தது அந்தக் கம்பத்தின் வழியாகத்தான். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. அப்பாவுக்கு அதுவும் புரியவில்லை. ஆனாலும் வந்து உட்காருவார். "அந்தக் கூர்க்காதுக்காரன் சிரிக்கவே மாட்டானாம்மா?" என்று கேட்பார். மாட்டார் என்று சொல்லி, காரணத்தை விளக்கத் தொடங்குவேன். ஒரு தொடரைப் பற்றி இன்னொருவருக்கு விளக்கத் தொடங்கும்போதுதான் நாம் ரசிகர் ஆகிறோம் என்று நினைக்கிறேன்.

அந்தத் தொடரை எடுத்த விதம் தெரிந்த பிறகு என் அன்பு இன்னும் கூடிற்று. ஒவ்வொரு வாரமும் விண்கலம் ஒரு கோளில் இறங்குவதைக் காட்டப் பணம் போதாது. அதனால்தான் ஓர் அறையில் நின்ற ஆட்கள் மின்னி மறைந்து, கீழே கோளில் தோன்றும் உத்தியைக் கண்டுபிடித்தார்கள். அந்த மினுமினுப்பு என்ன தெரியுமா? அலுமினியத் தூளை விளக்கொளியில் கொட்டிப் படம்பிடித்து, நடிகர்களின் உருவத்தின் மேல் பொருத்தினார்கள். தானாகத் திறக்கும் கதவுகளை மறைவில் நின்ற தொழிலாளர்கள் கையால் இழுத்தார்கள். ஒரு கதைக்காகப் புதுமையான வடிவத்தில் உப்புக் குப்பிகளை வாங்கினார்கள். அவை உப்புக் குப்பி என்று யாருக்கும் புரியாது என்று தோன்றியதும், கப்பல் மருத்துவரின் கையில் கொடுத்து அறுவை சிகிச்சைக் கருவிகள் ஆக்கிவிட்டார்கள். பணம் குறைவாக இருந்த இடத்திலெல்லாம் யோசனை வேலை செய்திருக்கிறது. கலை செய்ய வசதி போதவில்லை என்று தயங்கும் நம் இளைஞர்களுக்கு இந்த உப்புக் குப்பிகளை நான் அடிக்கடி நினைவூட்டுவேன்.

இரண்டாவது பருவத்திலேயே தொடர் நின்றுவிடும் என்ற பேச்சு எழுந்தது. அப்போது ரசிகர்களான பீஜோ டிரிம்பிளும் அவர் கணவர் ஜானும் மற்ற ரசிகர்களைத் திரட்டினார்கள். ஒருவர் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டும். எல்லாரும் தொலைக்காட்சி நிலையத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். கணினி வீட்டுக்கு வராத காலம். கையால் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பினார்கள். என்.பி.சி.க்குப் போய்ச் சேர்ந்தவை ஒரு லட்சத்துக்கும் மேல். 1968 மார்ச் மாதம் தொடர் நீடிக்கும் என்று ஒளிபரப்பிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதி, தன் பெயர் வாசிக்கப்படுமா என்று காத்திருந்த வானொலி நேயர்களுக்கு அந்தக் கடிதங்களின் மனசு நன்றாகப் புரியும்.

மூன்றாவது பருவத்தை வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளினார்கள். அடுத்த ஆண்டே தொடர் நின்றது. ஆனால் மறுஒளிபரப்பில் புதிய ரசிகர்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். அமெரிக்காவின் முதல் விண்ணோடத்துக்கு 'கான்ஸ்டிடியூஷன்' என்று பெயர் வைக்க இருந்தபோது மறுபடியும் கடிதங்கள் குவிந்தன, இம்முறை அதிபர் ஃபோர்டுக்கு. 1976 செப்டம்பரில் அந்த விண்ணோடம் 'எண்டர்பிரைஸ்' என்ற பெயரோடு வெளியே வந்தது. தொடரின் நடிகர்கள் அருகில் நின்றார்கள். அது விண்வெளிக்குப் போகவில்லை; வளிமண்டலத்தில் பறந்து தரையிறங்கும் சோதனைகளுக்கு மட்டும் பயன்பட்டது. அந்தச் சோதனைகளின் மேல் நின்றுதான் பின்னால் வந்த விண்ணோடங்கள் பறந்தன.

நேயர்களே, எண்டர்பிரைஸின் கட்டுப்பாட்டு அறையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை இப்போது பார்ப்போம். தகவல் தொடர்பு அதிகாரி உஹூரா ஆப்பிரிக்கப் பெண். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சம உரிமைக்குப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. உஹூராவாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸ் முதல் பருவத்தோடு விலக நினைத்தார். அப்போது அவரைச் சந்தித்த மார்ட்டின் லூதர் கிங், விலக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தாமும் தம் குடும்பத்தாரும் அந்தத் தொடரைப் பார்ப்பதாகச் சொன்னார். நிக்கோல்ஸ் இருந்தார். 1977இல் நாசாவே அவரை அழைத்து, பெண்களும் சிறுபான்மையினரும் விண்வெளி வீரர் பணிக்கு விண்ணப்பிக்கும்படி நாடெங்கும் பேசச் செய்தது. மறு ஆண்டு தேர்வான 35 பேரில் 6 பெண்கள், 3 கறுப்பினத்தவர், ஆசிய வம்சாவளியினர் ஒருவர். சிறு வயதில் உஹூராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன், 1992இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனார். அடுத்த ஆண்டு ஸ்டார் டிரெக் தொடரிலேயே ஒரு சிறு வேடத்தில் நடித்தார்.

கப்பலைச் செலுத்திய சுலு ஓர் ஆசியர். நம் சபா மாநிலத்தின் கரையைத் தொடும் சுலு கடலின் பெயரைத்தான் அவருக்கு வைத்தார்கள். ஏதோ ஒரு நாட்டுக்கு மட்டும் உரியவராக இல்லாமல் ஆசியா முழுவதற்கும் பொதுவானவராக அவர் இருக்கட்டும் என்று ராடன்பெரி விரும்பியதாக, அந்த வேடத்தில் நடித்த ஜார்ஜ் டகேய் சொல்லியிருக்கிறார்.

நேசிக்கிறவர்களுக்குக் குறையைச் சொல்லும் கடமையும் உண்டு. இந்தத் தொடரின் புகழ்பெற்ற வில்லன் கான் நூனியன் சிங் பெயரிலேயே இந்தியர். 1967லும் 1982லும் அந்த வேடத்தில் நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொந்தல்பான். 2013இல் நடித்தவர் ஆங்கிலேயரான பெனடிக்ட் கம்பர்பேட்ச். மும்பையின் பெர்சிஸ் கம்பாட்டா 1979இல் முதல் திரைப்படத்தில் தலையை மழித்துக்கொண்டு நடித்தபோது அவருக்குக் கிடைத்ததோ வேற்றுக்கோள் பெண் வேடம். விஜய் அமிர்தராஜின் கப்பல் தலைவருக்குப் படத்தில் ஒரு பெயர்கூட இல்லை. எல்லாருக்கும் இடம் உண்டு என்று சொன்ன கதையில் நம்மவர்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். இதை வெளிப்படையாகச் சொல்வதால் என் அன்பு குறைந்துவிடாது. அந்தக் கதை தந்த வாக்கை நான் மதிப்பதால்தான் கேட்கிறேன்.

கேட்டுக்கொண்டே இருந்தால் மாறும் என்பதற்கும் சான்று உண்டு. 2017இல் 'ஸ்டார் டிரெக் டிஸ்கவரி' தொடங்கியது. முதல் அத்தியாயத்தில் 'ஷென்ஜோ' என்ற கப்பலின் தலைவியாக வந்தவர் ஈப்போவில் பிறந்த மிச்செல் இயோ. அவர் ஏற்ற கேப்டன் ஃபிலிப்பா ஜார்ஜியோ என்ற பாத்திரத்தின் சொந்த ஊர் நம் லங்காவித் தீவு. இயோ தம் இயல்பான உச்சரிப்பிலேயே பேசி நடித்தார். மலேசியப் பெண் ஒருத்தி, தன் ஊரையும் தன் குரலையும் கைவிடாமல், ஒரு விண்கலத்துக்கு ஆணையிடுகிறாள். ஏரியலைத் திருப்பிப் பார்த்த எங்கள் தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய நிறைவு என்று சொல்லி முடியாது.

நமக்கு இடம் கிடைப்பது திரையைத் தாண்டியும் நடந்திருக்கிறது. ரஷ்யாவிடமிருந்து 18 சுகோய் போர் விமானங்களை நம் நாடு வாங்கியபோது, மலேசியர் ஒருவரை விண்வெளிக்கு அனுப்பும் ஏற்பாடும் சேர்ந்தே வந்தது. 'அங்காசவான்' என்ற அந்தத் திட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். 2006இல் இறுதிச் சோதனைக்கு எஞ்சிய நால்வரில் ஒரே பெண், நம் இந்தியச் சமூகத்தைச் சேர்ந்த பொறியாளர் வனஜா சிவா. வாய்ப்புக் கிடைத்தது டாக்டர் ஷேக் முஸாபார் ஷுக்கோருக்கு. 2007 அக்டோபர் 10ஆம் தேதி அவர் புறப்பட்டார். நாடே கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். ஆனால் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வனஜாவின் பெயரையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும் என்று அன்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தக் கடைசிப் படி வரை ஏறியதும் நம் வரலாறுதான்.

விண்வெளிக் கதை ஏதோ மேற்கத்தியப் பொருள், நமக்குப் புதிது என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்டார் டிரெக் தொடங்குவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1963இல், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' திரைக்கு வந்துவிட்டது. அறிவியலில் முன்னேறி, இசையும் நாட்டியமும் இல்லாமல் வறண்டுபோன ஒரு வேற்றுக்கோள். அங்கிருந்து வருகிறவர்கள் கலை கற்றுத்தர ஒரு பெண்ணைப் பூமியிலிருந்து கடத்திப் போகிறார்கள். எவ்வளவு அழகான கற்பனை! பிறகு எழுத்தாளர் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியைப் படைத்து, ஒரு தலைமுறையையே அதன் மேல் பாசம் கொள்ள வைத்தார். நமக்கு இந்தத் துறையில் முன்னோர்கள் இருக்கிறார்கள். அடுத்த அடி வைக்க வேண்டியவர்கள் நாம்.

விடியற்காலையில் எங்கள் ஊர்ப் பாலத்தைப் பாருங்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று எல்லாரும் ஒரே வரிசையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள். பல இனத்தார் ஒரே வண்டியில் ஏறி ஒரே வேலையைச் செய்வதை அமெரிக்காவில் ஒரு கனவாக எழுத வேண்டியிருந்தது. நமக்கு அது அன்றாட வாழ்க்கை. அதன் இனிமையும் உரசலும் நமக்குத் தெரியும். அந்த அனுபவத்தோடு ஒரு விண்கலக் கதையை எழுத நம்மைவிடத் தகுதியானவர்கள் யார்?

ஆகவே இளைய நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பிடித்த தொடரை வெட்கப்படாமல் நேசியுங்கள். வயதானவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்து, கதையை விளக்குங்கள். நன்றாக இருந்தால் எடுத்தவர்களுக்கு எழுதுங்கள். குறை இருந்தால் அதையும் எழுதுங்கள். ஒரு லட்சம் கடிதங்கள் ஒரு தொடரைக் காப்பாற்றியதை மறக்க வேண்டாம். பெற்றோர்களே, பிள்ளை விண்வெளிப் படம் பார்த்தால் நேரம் வீண் என்று அணைத்துவிடாதீர்கள். அதில் உனக்குப் பிடித்தவர் யார், ஏன் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறகு, நீ அந்தக் கப்பலில் இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டு, அதையும் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். நம் கதைகள் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கட்டும்.