நெஞ்சொடு பேசும் பேச்சு

வாய் மூடியிருக்கும் வேளையிலும் மனிதன் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். கடையைப் பூட்டி வீடு திரும்பும் வணிகனும், தறியில் அமர்ந்த நெசவாளியும், அடுப்பங்கரையில் நிற்கும் தாயும் தத்தம் உள்ளத்தோடு உரையாடிய வண்ணமே உள்ளனர். தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. திருக்குறளின் 125ஆம் அதிகாரத்திற்கு ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்றே பெயர். பிரிவுத் துயருற்ற தலைவி அங்கே தன் நெஞ்சோடு பேசுகிறாள். இத்தகைய பேச்சு ஒருவரைத் தாங்கவும் கூடும்; வீழ்த்தவும் கூடும்.

இதனை உணரக் கல்முனைக் கரையை நினைத்தல் தகும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களுள் கடல் புகுந்தது. அன்று இலங்கையில் மாண்டோர் 30,000 பேருக்கும் மேற்பட்டோர். மாவட்டங்களுள் அம்பாறையே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது. வெள்ளம் வடிந்துவிடும். ஆயின், உயிர் தப்பியதையே குற்றமாக எண்ணி மறுகும் நிலை எளிதில் வடிவதில்லை. பேரிடர்களின் பின் மனநல மருத்துவர்கள் பல நாடுகளிலும் இந்நிலையைக் கண்டுள்ளனர்.

பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு ஓடிய ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். நீர் அவளைப் புரட்டியது. பிள்ளையின் கை நழுவியது. அன்றிரவு முதல் அவள் நெஞ்சு, “நான் கையை விட்டுவிட்டேன்” என்று சொல்லத் தொடங்குகிறது. ஆண்டுகள் கழிந்தாலும் அச்சொல் ஓய்வதில்லை. “எல்லாம் நன்மைக்கே” என்று பிறர் கூறும் ஆறுதல் அவள் காதில் ஏறுவதுமில்லை. அவளுக்கு வேண்டுவது இனிய சொல்லன்று, மெய்யான சொல்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த சிகிச்சைமுறை இங்கே துணை செய்கிறது. உள்ளத்தில் தானாக எழும் எண்ணத்தை உடனே தீர்ப்பாகக் கொள்ளாது, ஒரு சாட்சியின் வாக்குமூலத்தைப் போல விசாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அத்தாயின் வழக்கை அவ்வாறு விசாரித்தால் விளங்குவது என்ன? அன்று இந்துப் பெருங்கடலுக்கென ஆழிப்பேரலை எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை 1,000 கிலோகிராமுக்கும் அதிகம். அத்தகைய நீர் சுவர்களையே சாய்த்துக்கொண்டு வந்தபோது, ஒரு பெண்ணின் விரல்கள் எவ்வளவு நேரம் தாங்கும்? அவள் கையை விடவில்லை; கை நழுவியது. ‘விட்டேன்’ என்பது குற்றத்தைக் கூறும் சொல். ‘நழுவியது’ என்பது நடந்ததைக் கூறும் சொல். இவ்விரண்டையும் பிரித்தறிந்தபின் துயரம் மறைந்துவிடாது. ஆனால், துயரத்தின் மேல் ஏற்றிய பழி இறங்கும்.

இக்கரையின் முஸ்லிம் மக்களுக்கு இம்முறை அந்நியமானதன்று. கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் நூலில், மனிதன் தன் நப்ஸிடம், வணிகன் தன் கூட்டாளியிடம் கணக்குக் கேட்பதுபோல, நாள்தோறும் கணக்குக் கேட்க வேண்டும் என்கிறார். கல்முனைக் கடைத்தெருவில் கணக்கின் நெறியை யாரும் அறிவர். வரவை எழுதாது செலவை மட்டும் எழுதிய ஏடு பொய்யேடு. உண்மையில் தவறு செய்திருந்தால் அதனை ஒப்புக்கொண்டு, கடனைத் தீர்ப்பதே முறை. செய்யாத தவறைத் தன் பேரில் பற்று வைப்பதும், ஒரு சரக்கில் நட்டம் வந்ததற்காக “நான் எதற்கும் உதவாதவன்” என்று கடையையே மூடிவிடுவதும் கணக்காகா.

இரவில் இஷாத் தொழுகை முடிந்தபின் சிறிது நேரம் இதற்குப் போதும். நெஞ்சு கூறும் குற்றச்சாட்டை ஒரு தாளில் அப்படியே எழுதுக. அதற்குச் சான்று எது, மறுப்பு எது என இரு பத்திகளில் குறித்திடுக. பின்னர், இதே சொல்லை உடன்பிறந்த ஒருத்தி வந்து கூறினால் என்ன மறுமொழி தருவோம் என எண்ணுக. “ராத்தா, உங்களால் முடிந்ததை எல்லாம் செய்தீர்களே” என்று அவளிடம் கூறத் துணியும் நாக்கு, தனக்கு மட்டும் அதனை மறுப்பானேன்? தன்னைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுவதும் பயன் தரும். அவ்வாறு பேசுவோர் கலக்கத்தினின்று சற்று விலகி நின்று சிந்திக்கின்றனர் என்பதை, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் குரொஸ் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

எனினும் எல்லாக் கணக்கையும் தனியே தீர்த்துவிட இயலாது. உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, வாழ்வதே வீண் என்ற எண்ணம் எழுமாயின், மருத்துவரை நாடுதல் கடமை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. காய்ச்சலுக்கு மருந்து கேட்க நாணாதவர் இதற்கு நாண வேண்டியதில்லை.

கடல் கொண்டுபோனதை எந்தச் சொல்லும் மீட்டுத் தராது. ஆனால், எஞ்சியிருப்பவரையும் அக்கடலிடமே ஒப்படைத்துவிடாமல் காக்க, அவர் தம் நெஞ்சோடு பேசும் மெய்யான சொல்லால் இயலும்.