தேய்ந்த சொற்களும் நினைவு மலர்களும்



"அன்பார்ந்த நேயர்களே" என்று தொடங்கவே நா எழுந்தது. இன்றைய பொருளை நினைந்து அடக்கிக்கொண்டேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சொற்றொடர்களைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். "இரண்டொரு வார்த்தை கூறி அமர்கிறேன்" என்று எழுந்து முக்கால் மணி நேரம் அமராதவரை நாம் அறிவோம். "அறிமுகம் தேவையில்லாதவர்" என்று தொடங்கி, பிறந்த ஊரிலிருந்து அறிமுகம் செய்பவரையும் அறிவோம். இவை சிரித்துவிட்டுப் போகத்தக்கவை. யாழ்ப்பாணத்திலே தேய்ந்த சொற்கள் மெய்யாகவே தீங்கு செய்யும் இடம் வேறொன்று உண்டு. அது, இறந்தோரைப் பற்றி நாம் எழுதும் இடம்.

முதலில் மரண அறிவித்தலைக் காப்பாற்றிவிடுகிறேன். வானொலியில் அது வாசிக்கப்படும்போது வீடு முழுவதும் பேச்சடங்கி நின்ற காலம் ஒன்றிருந்தது. "பிறப்பிடமாகவும், வசிப்பிடமாகவும் கொண்ட" என்னும் அந்த வாய்பாட்டை எள்ளி நகையாடுவோர் உளர். நான் அவர்களோடு சேரேன். ஒரே பெயருடையோர் ஊருக்குப் பத்துப் பேர் வாழும் நாட்டிலே, இறந்தவர் எவர் என்பதை ஐயமறக் காட்டுவது அந்த வாய்பாடுதான். "சிவபதமடைந்தார்" என்றால் சுடலைக்கும், "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றால் சேமக்காலைக்கும் போகவேண்டும் என்பது வினைச்சொல்லிலேயே தெரிந்துவிடும். 1983ஆம் ஆண்டுக்குப் பின் வசிப்பிடம் என்னும் அந்த இடத்திலே ரொறன்ரோவும் இலண்டனும் பாரிசும் வந்து அமர்ந்தன. சொல் மாறவில்லை, அதற்குள் ஒரு சமூகத்தின் இடப்பெயர்வு முழுவதும் அடங்கிவிட்டது.

கல்வெட்டின் கதை அவ்வாறன்று. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை ஒட்டி, வந்தோர் கையிலே கொடுக்கும் சிறு நூலுக்கு நம்மவர் இட்ட பெயர் கல்வெட்டு. கல்லில் வெட்டியதன்று, தாளில் அச்சிட்டதுதான். அதன் உயிர்நிலை திதி வெண்பா. ஆண்டு, மாதம், பட்சம், திதி என்பவற்றை நான்கு அடிக்குள் அடக்கி, பிள்ளைகள் ஆண்டுத் திவசத்தைத் தவறவிடாதபடி செய்வது அதன் தொழில். செய்யுளில் அழகு குறைந்தாலும் பயன் குறையாது. கேடு வந்தது, அதைச் சுற்றி வளர்ந்த உரைநடையிலே. "குலவிளக்கு", "பழகுவதற்கு இனியவர்", "இன்முகத்தோடு வரவேற்பவர்", "ஈடுசெய்ய முடியாத இழப்பு". பெயரை மட்டும் மாற்றினால் பக்கத்து வீட்டாருக்கும் பொருந்தும். மாற்ற மறந்துபோன மலர் ஒன்றையும் கண்டிருக்கிறேன்!

என் பெரியப்பா காசு விடயத்தில் கை இறுகியவர். அவர் நினைவு மலரிலே "வாரி வழங்கிய வள்ளல்" என்று அச்சாகியிருந்தது. பந்தியில் இருந்த ஒருவர் அதை வாசித்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். எனக்குச் சினம் வந்தது, சிரித்தவர்மீதன்று. நம் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணக்கல்லின் கீழ்த் தேங்கும் மழைநீரே நமக்குக் குடிநீர். மிகுதியாக இறைத்தால் உவர் ஏறும். அயற்கிணறுகள் உவர்த்த கோடையிலே, பெரியப்பா தம் தோட்டத்து இறைப்பைக் குறைத்தார். படலையைத் திறந்து வைத்தார். வந்தவர் எவராயினும் தம் கையாலேயே அள்ளிக்கொள்ள விட்டார். அதன் பெறுமதியை நம் கிணறுகளின் வரலாறு அறிந்தோரே அறிவர். சாதியின் பெயரால், தாகத்தோடு வந்தவரைக் கிணற்றடிக்கு விடாது, நீர் வார்ப்பவருக்காகக் காத்து நிற்க வைத்தவை நம் ஊர்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும் அவ்வழக்கம் ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. அந்தக் கோடைக்காக உறவினர் சிலர் எங்கள் வீட்டில் கை நனைக்காது விட்டனர். மலரிலே இதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. வள்ளல் என்ற சொல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் இன்று நம் நினைவு மலர்களையும் தேடிச் சேர்க்கிறது. ஊர் வரலாறு எழுதுவோர் அவற்றைப் புரட்டுகின்றனர். வீட்டார் வெட்கப்பட்டு ஒளித்ததையோ, எழுதச் சோம்பியதையோ அவர்கள் வேறெங்கே தேடுவது?

பின்னர்ப் பெரியம்மா காலமானபோது எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கிணற்றுக் கதையை ஒரு பக்கத்தில் எழுதினேன். கோடையிலே முதல் ஆளாக வாளியை எடுத்துக் கொடுத்தவர் அவரே. மருமக்கள் "குலவிளக்கு" கட்டாயம் வேண்டும் என்றனர், சேர்த்தேன். அச்சகத்தார் நான்கு வரி மிகுகிறது, எதை எடுப்பது என்று கேட்டார். குலவிளக்கை எடுத்துவிடச் சொன்னேன். மருமக்களுள் மூத்தவர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டத் தவறுவதில்லை.